கம்பியின் தவணை

மரத்தை வளைப்பது வன்முறையா என்று கேட்கிற நண்பர்களிடம் ஆம் என்றே சொல்லிவிடுகிறேன். இச்சிக் கன்றின் கிளையில் அலுமினியக் கம்பியை 45 பாகைச் சாய்வில் சுற்றி, கட்டைவிரல்களை அணைகொடுத்து வளைக்கும்போது, நார் நெறிபடுவது விரலுக்குத் தெரிகிறது. கிளை போக நினைத்த திசை அதுவல்ல. போன்சாய் பழகுகிற எவனும் இதை மறைக்க முடியாது. சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

வங்கிக் கடன் விஷயமாகப் பழவேற்காட்டு மீனவக் குப்பங்களுக்குப் போகும்போதெல்லாம் ஏரிக்கரையில் குறுகி நிற்கும் அலையாத்திகளைப் பார்ப்பேன். உப்பும் காற்றும் வளைத்தவை. காற்று ஒரு பக்கமாகச் சாய்த்த மரத்தைப் போன்சாய்க்காரர்கள் ஒரு தனிப் பாணியாகவே வைத்திருக்கிறார்கள். இயற்கை செய்வதைத்தானே நானும் செய்கிறேன் என்று வெகுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அலையாத்தி உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றிவிடும்; இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். உப்புக்கு அதனிடம் பதில் இருக்கிறது. கம்பிக்கு என் இச்சியிடம் பதில் இல்லை. அது பருக்க மட்டுமே செய்யும். பருத்து, கம்பியைப் பட்டைக்குள் விழுங்கிக்கொள்ளும்.

வேறு ஊருக்கு மாற்றலாகி, ஒரு மழைக்காலம் முழுக்கச் செடியைக் கவனிக்காமல் விட்டபோது இதைக் கண்டேன். திருகு திருகாகத் தழும்பு.

அதைப் பார்த்தவுடன் ஓர் இளைஞர் நினைவுக்கு வந்தார். கவிதைகளை என்னிடம் கொண்டுவருவார். அடைமொழிகளை அடிப்பேன், கடைசி வரிகளை வெட்டுவேன். இரண்டு வருஷத்தில் அடிக்க ஒன்றுமில்லாத கவிதைகளோடு வந்தார். பெருமைப்பட்டேன். அவை என் கவிதைகள் என்பது அப்போது உறைக்கவில்லை. இப்போது அவர் எழுதுவதில்லை. என்மீது குறை சொன்னதுமில்லை. விழுங்கிக்கொள்வது என்பது இதுதான்.

பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் இறால் படும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவன் நாளை அதை விட்டு நகர வேண்டும். கண்டிப்பான கட்டுப்பாடுதான், பாட்டில் பங்கில்லாதவர்களுக்கு வேலியாகவும் ஆகிவிடுவது. ஆனாலும் பிடித்த இடத்தை விட்டு எழுந்திருக்கும் நாள் பிடிக்கும்போதே அதில் நிச்சயமாகியிருக்கிறது. என் திருத்தங்களுக்கு அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

ஹிரோஷிமாவில் யமாகி குடும்பம் வளர்த்த வெள்ளைப் பைன் ஒன்று 1945 அணுகுண்டுக்குத் தப்பி, 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய், இன்று வாஷிங்டனில் இருக்கிறது. 1625 முதல் பழக்கப்பட்டு வரும் மரம் என்கிறார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை முள்மண்டிய இடிபாடாகிவிட்டது. அதற்குப் பின் வந்த தொட்டி மரம் நிற்கிறது. எத்தனை பேர் அதற்குக் கம்பி சுற்றினார்களோ, அத்தனை பேரும் அல்லது அவர்களுக்குப் பின் வந்தவர்கள் அதைக் கழற்றியும் இருக்க வேண்டும். அந்த மரத்தின் உருவத்தில் பாதி கழற்றிய கைகளுடையது என்று எனக்குப் படுகிறது.

வளைப்பதற்கு ரசனை போதும். கழற்றுவதற்குத் தினமும் பார்க்க வேண்டும். விமரிசனத்தில் நாம் முன்னதை மட்டும் தகுதியாகக் கொண்டுவிட்டோம்.

கம்பியைச் சுற்றிய வழியே பிரிக்கக் கூடாது, கிளை முறிந்துவிடும். ஒவ்வொரு சுற்றாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். கம்பி மறுபடி உதவாது. என் இச்சியில் வெளியே தெரிந்த சுற்றுகளை அப்படித்தான் எடுத்தேன். உள்ளே போனவை உள்ளேயே இருக்கின்றன.