சிரிக்கக் கடமைப்பட்டவர்கள்

'அப்பாவுக்கு மூட் சரியில்ல, இப்பப் போய்க் கேக்காத' என்பதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே குறைவு. சுற்றுலாவுக்குக் கட்ட வேண்டிய பணம், ரேங்க் கார்டில் கையெழுத்து, அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவு எல்லாமே அந்த மூட் திரும்பும்வரை காத்திருக்கும். அவர் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தத்தை வைத்தே டி.வி.யின் ஒலியைக் குறைத்துவிடும் வீடுகள் உண்டு. அம்மாவுக்கு மூட் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தலைவலிதான் வரும். தலைவலி என்றால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சமையலைத் தொடரலாம்.

முகத்தை இஷ்டம்போல் வைத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் தரப்படவில்லை. வீட்டில் கற்ற இந்தப் பாடம் அலுவலகத்தில் கைகொடுக்கிறது. மேலதிகாரி ஒரு ஜோக் சொல்கிறார். முந்தைய கூட்டத்தில் சொன்ன அதே ஜோக். அறை முழுக்கச் சிரிக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் அரை நொடி தாமதமாகச் சிரிக்கிறார். அடுத்த கூட்டத்துக்குள் அவரும் தேறிவிடுவார். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்தார். எள்ளல் அதில் இருக்கிறது, பேதைமையும் இருக்கிறது. பயந்து சிரிப்பது இல்லை. அவர் எந்த மேலாளரிடமும் வேலை பார்த்ததில்லை போலும்.

ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் பொது இடங்களில் மக்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதைக் கவனித்து, சுமார் 1,200 சிரிப்புகளைக் குறித்துக்கொண்டார். நகைச்சுவை என்று பேருக்காவது சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்தவை அவற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவையெல்லாம் 'சரி, அப்புறம் பாக்கலாம்' என்பது போன்ற வெறும் பேச்சின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்த சிரிப்புகள். கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரித்தார் என்பதும் தெரிந்தது. பெண் பேசி ஆண் கேட்கும்போது, அந்தப் பெண் அவரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சிரித்தாள். தான் சொல்வதில் கடுமை ஏதுமில்லை என்று அவள் தன் சிரிப்பால் உறுதிமொழி கொடுத்துக்கொண்டே பேசுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆணுக்கு அந்த உறுதிமொழி தேவைப்படுவதில்லை.

பதவி போனபின் சிரிப்புக்கு என்ன ஆகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஓய்வு பெற்ற மறுநாளே பல அதிகாரிகளின் நகைச்சுவைத் திறன் குன்றிவிடுகிறது. அவர்களில் சிலர் பிறகு போய்ச் சேரும் இடம் சிரிப்பு மன்றம். 1995இல் மும்பைப் பூங்கா ஒன்றில் மருத்துவர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு முதல் சிரிப்பு மன்றத்தைத் தொடங்கினார். முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாட்களில் கையிருப்புத் தீர்ந்தது. அதன் பிறகே காரணமில்லாமல் சிரிக்கும் பயிற்சி பிறந்தது. விடியற்காலையில் கைகளை உயர்த்திச் சிரிக்கும் பெரியவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அங்கே யாரும் யாருக்காகவும் சிரிக்கவில்லை. சிலருக்கு அந்த அனுபவம் அறுபதுக்கு மேல்தான் வாய்க்கிறது.

'பொம்பள சிரிச்சாப் போச்சு, பொகையில விரிச்சாப் போச்சு' என்பது நம் ஊர்ப் பழமொழி. அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்ட பாட்டிகளின் பேத்திகள் இன்று ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறார்கள். அங்கே சிரிக்காவிட்டால்தான் குற்றம். பாட்டிக்கு விலக்காக இருந்தது பேத்திக்கு விதியாகிவிட்டது. இரண்டு பேரிடமும் யாரும் யோசனை கேட்கவில்லை. காஞ்சிப் பட்டில் தொடங்கிச் சில்க் காட்டன் வரை நாற்பது புடவைகளைப் பிரித்துப் போட்டபின், 'வேற எங்கயாவது பாத்துட்டு வரோம்மா' என்று எழுந்து போகும் குடும்பத்தின் முதுகைப் பார்த்தும் சிரிக்க வேண்டும். பிறகு நாற்பதையும் மடித்து வைக்க வேண்டும். துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னார் வள்ளுவர். பண்டிகைக் காலத்தில் அதைச் சூப்பர்வைசர் நடைமுறைப்படுத்துகிறார்.

ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்ற சமூகவியலாளர் டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். உதடு சிரித்தால் போதாது, மனசார வர வேண்டும் என்பது அவர்களுக்கான பயிற்சி. பயணம் முடிந்து இறங்கிய பிறகும் அந்தச் சிரிப்பு தங்கள் முகத்தைவிட்டுப் போக மறுப்பதாகச் சிலர் சொல்லியிருந்தார்கள். அதே நூலில், அதே நிறுவனத்துக்காகப் பாக்கி வசூலிப்பவர்களும் வருகிறார்கள். அவர்கள் இரக்கத்தை அடக்கிக்கொண்டு கடுமை காட்டச் சம்பளம் வாங்கினார்கள். ஒரே முதலாளிக்குச் சிரிப்பும் வேண்டியிருக்கிறது, முறைப்பும் வேண்டியிருக்கிறது.

மனசார வரவழைப்பது அவ்வளவு எளிதல்ல. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத் தசைகளில் மின்சாரம் பாய்ச்சிச் சோதித்து, 1862இல் அதைப் படங்களோடு வெளியிட்டார். உதட்டோரத்தை உயர்த்தும் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசை உள்ளே உண்மையான மகிழ்ச்சி இருந்தால்தான் அசையும் என்றார். பழகியவர்கள் அதையும் ஓரளவு வரவழைத்துவிடுவார்கள் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் திருத்தினார்கள். கடை நிர்வாகத்துக்கு இந்த விவாதம் தேவையில்லை. கூரையில் இருக்கும் கேமராவுக்கு உதடு தெரிந்தால் போதும்.

கடையில் நாளெல்லாம் நிற்பதற்காவது ஒரு சட்டம் வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் பெண் தொழிலாளர்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடிய பின் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதியைச் சேர்த்தது. பல கடைகளில் நாற்காலியும் வந்துவிட்டது; உட்காரும் நேரம்தான் இன்னும் வரவில்லை. காலுக்கு ஒரு பிரிவு எழுத முடிந்தது. முகத்துக்கு எப்படி எழுதுவது? 'ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் சிரிக்க வற்புறுத்தக் கூடாது' என்று மசோதா கொண்டுவந்தால் அவையே சிரிக்கும்.

இரவு பத்து மணிக்கு அந்த ஜவுளிக்கடைப் பெண் வீடு திரும்பும்போது முகத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது. 'ஊர்க்காரங்ககிட்ட எல்லாம் பல்ல காட்டுற, வீட்டுக்கு வந்தா மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற' என்பான் கணவன். அவன் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. அவனும் நாளெல்லாம் எவனோ ஒருவனின் ஜோக்குக்குச் சிரித்துவிட்டு வந்தவனாக இருக்கலாம். சம்பளமில்லாத சிரிப்பை இருவருமே அடுத்தவரிடம் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதே பெண் பகலில், கடையின் பின்பக்கப் படிக்கட்டில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். காலையில் நாற்பது புடவை பார்த்த அம்மாளைப்போல ஒருத்தி முகத்தைச் சுளித்துக் காட்ட, இன்னொருத்தி சூப்பர்வைசர் நடப்பதுபோல நடந்து காட்டியிருப்பாள். சத்தம் கேட்டு அந்தச் சூப்பர்வைசரே எட்டிப் பார்த்திருப்பார்.

'இங்க என்ன சிரிப்பு? கஸ்டமர் நிக்கறாங்க, மேல வாங்க.'