சட்டையும் சாதியும்

தோழனே, சித்தேரி மலையிலிருந்து இறங்கிவரும் இளைஞன் ஒருவன் அரூர்த் திடலில் பந்தாடுகிறான் என்று வைத்துக்கொள். நீ அளப்பது அவன் ஆட்டத்தையா, குலத்தையா?

கல்கத்தாவைப் பார்! மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என இரு கால்பந்துக் கழகங்கள். மேற்கு வங்கத்தார் பெரிதும் முன்னதன் பக்கம்; கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோர் பின்னதன் பக்கம். தம் அணி மோதினால் வீரமாம். எதிரணி மோதினால் வெறியாம்! நேற்று ஏசப்பட்ட ஆட்டக்காரன் கழகம் மாறிவந்தால், இன்று அவனுக்கே மாலை! கால் மாறவில்லை, கலை மாறவில்லை, சட்டைதான் மாறியது. அந்தப் பித்து முற்றி, 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன் மைதானத்தில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் மாண்டனர்.

சட்டையையாவது கழற்றலாம், சாதி மாட்டிய சட்டையைக் கழற்ற விடுகிறார்களா? எதிரணியின் நல்லாட்டத்துக்குக் கைதட்டு, தோழனே! ஆளைப் பாராது ஆற்றலைப் போற்றும் கையே சாதியை வீழ்த்தும் கை.