பாலுக்கு எது நியாய விலை?

ஓசூரில் ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாய்க்கு வாங்குகிறேன். 2021 மே மாதம் 3 ரூபாய் குறைத்த விலை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகத்தின் நந்தினி பால், 2025 ஏப்ரலில் 4 ரூபாய் ஏறியது. மாடுகள் என்னவோ இருபுறமும் ஒரே மாதிரிதான் மேய்கின்றன.

இடத்துக்கு இடம் மதிப்பு மாறலாம் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஒப்புக்கொண்டார். ஆனால் மதிப்புக்குக் குறைத்து வாங்குவதும் அநீதி என்றார் பாருங்கள், அதுதான் என்னைக் குத்துகிறது. விற்பவனைத் திட்டுவது சுலபம். வாங்குபவனை யார் கேட்கிறார்கள்? ஆவினுக்குப் பால் கறப்பவருக்கு 2023 டிசம்பரிலிருந்து தமிழக அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கிறது. அதாவது, பாலே வாங்காதவரின் வரியும் என் தம்ளரில் கலந்திருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு என்றால் அது தருமம். என் மூன்றாவது காபிக்கு அந்தச் சலுகை நியாயமில்லை.