நஞ்சிட்ட சிப்பாய்

சதுரங்கத்தில் ‘நஞ்சிட்ட சிப்பாய்’ என்றொரு தொடக்க முறை உண்டு. சிசிலியன் தற்காப்பின் நாய்டார்ஃப் வகையில், ஏழாம் நகர்வில் கறுப்புக் காய்களை ஆடுபவர்முன் வழிகள் பிரிகின்றன. மந்திரியை ஒரு கட்டம் முன்வைத்து அரசனைக் காப்பது ஒன்று. ராணியை வெளியே அனுப்பி, எதிரியின் காவலற்ற சிப்பாயை அடுத்த நகர்வில் கவர முனைவது மற்றொன்று. சிப்பாய் கிடைக்கும்; ஆனால் ராணி பகைவர் நடுவே தனித்து நிற்கும்.

1972ஆம் ஆண்டு ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரில் உலகப் பட்டத்துக்காகப் போரிஸ் ஸ்பாஸ்கியை எதிர்த்த பாபி பிஷர், ஏழாம் ஆட்டத்தில் அச்சிப்பாயைக் கவர்ந்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பதினோராம் ஆட்டத்தில் மீண்டும் கவர்ந்தார். ஸ்பாஸ்கி தம் பதினான்காம் நகர்வில், முன்னேறி நின்ற குதிரையை அது முதலில் நின்ற கட்டத்துக்கே திருப்பினார். பின்வாங்குதல் போலத் தோன்றிய அதுவே வலையாயிற்று. ராணி சிக்கியது, 31 நகர்வுகளில் பிஷர் தோற்றார். பதினைந்தாம் ஆட்டத்தில் அதே தொடக்கம் வந்தபோது அவர் மந்திரியை நகர்த்தினார்.

எனில், சிப்பாயைக் கவர்ந்தது பிழையா? தோல்வியை மட்டும் கண்டவர் ‘ஆம்’ என்பர். ஆயினும் பிற்கால ஆய்வுகளும் இன்றைய கணிப்பொறிகளும் அந்த வழியைத் தவறென்று தள்ளவில்லை. தெரிவு வேறு, விளைவு வேறு அன்றோ? வள்ளுவரும் ‘தெரிந்து செயல்வகை’க்கு ஓர் அதிகாரமும், ‘வினைத்திட்ப’த்துக்கு வேறோர் அதிகாரமும் வகுத்துள்ளார். ஆராய்வது ஓர் அறம். ஆராய்ந்தபின் உறுதியுடன் நிற்பது மற்றோர் அறம்.

இவ்வளவும் எண்ணுவதற்கு எனக்கொரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தில்லியிலிருந்து சென்னைக்கு இடமாற்றம் கேட்கும் வாய்ப்பு வந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். ஊரில் அம்மா தனியே இருந்தார். நான் விண்ணப்பிக்கவில்லை. மகள் நல்ல மதிப்பெண் பெற்றாள். மறு ஆண்டு அம்மா மறைந்தார்.

‘விதி’ என்று உறவினர் தேற்றினர். விளைவைக் கொண்டு என்னை நான் குற்றம் சாட்டவில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. அன்று நான் இரு வழிகளையும் எண்ணிப் பார்த்தேனா? மகளின் தேர்வு நாளைக் கணக்கிட்டேன். அம்மாவின் வயதைக் கணக்கிடவில்லை. பலகையின் ஒரு பாதியை மட்டுமே பார்த்து ஆடினேன். பிஷர் ஆராய்ந்து தோற்றார். நான் ஆராயாமலே தெரிவு செய்தேன். இரண்டும் ஒன்றல்ல. முழுதும் நோக்கியபின் இங்கேயே தங்கியிருந்தால், துயரம் இருந்திருக்கும், குற்றவுணர்வு இருந்திராது.

பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நம் ஒவ்வொருவர் முன்னும் இத்தகைய ஏழாம் நகர்வு ஒருநாள் வருகிறது. தங்குவதும் சரியாக இருக்கலாம். திரும்புவதும் சரியாக இருக்கலாம். புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பும் குதிரை தோற்ற குதிரையன்று. நேற்றைய வழியை இன்று மாற்றிக்கொள்வதும் இழுக்கன்று. பார்க்க மறுப்பதே பிழை.

என் மாமியார் இப்போது கும்பகோணத்தில் தனியே இருக்கிறார். இம்முறை நானும் என் மனைவியும் பலகையின் முன் சேர்ந்து அமர்ந்திருக்கிறோம். எந்தக் காயையும் இன்னும் தொடவில்லை.