பத்தில் ஒருவர்

வாசகரே, உமது கையின்கீழ் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளும். பத்துப் பேரும் நேரந்தவறாமல் வருகிறவர்கள். கொடுத்த வேலையைக் குறையின்றி முடிக்கிறவர்கள். வருஷக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வருகிறது. இந்தப் பத்துப் பேரில் மிக மட்டமானவர் ஒருவரைக் குறித்தனுப்பும், அவரை வேலையினின்று நீக்கவேண்டும் என்று அதில் கண்டிருக்கிறது. "மட்டமானவர் இருந்தால்" என்று எழுதியிருக்கவில்லை. ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்பது ஏற்பாடு. நீர் ஒரு பெயரை எழுதலாமா? எழுதினால் அது பாவமா?

இது கட்டுக்கதையன்று. மின்விளக்கு முதல் ஆகாய விமான எஞ்சின் வரையில் செய்துவந்த அமெரிக்கக் கம்பெனியாகிய ஜெனரல் எலக்ட்ரிக்குக்கு 1981 ஏப்ரலில் ஜாக் வெல்ச் என்பவர் தலைவரானார். 1980 முடிவில் அங்கே 4,11,000 பேர் வேலையிலிருந்தார்கள். 1985 முடிவில் 2,99,000 பேர். விற்கப்பட்ட கிளைகளோடு போனவர்கள் இக்கணக்கில் ஒரு பகுதி. பெரும்பகுதியினர் வேலையையே இழந்தவர்கள். கட்டடம் நிற்க மனிதர் மாத்திரம் மறைகிறார்கள் என்று, நியூட்ரான் குண்டின் பெயரை அவருக்குப் பட்டமாகச் சூட்டினார்கள். நாம் பேசும் பங்கீடும் அவர் காலத்தில் பேர்பெற்றதே. நூற்றுக்கு இருபது பேர் மேல், எழுபது பேர் நடு, பத்துப் பேர் கீழ் என்று வருஷந்தோறும் ஊழியரைப் பிரித்து, கீழ்ப் பத்தை வெளியே அனுப்புவது. மற்றக் கம்பெனிகளும் இதைப் பார்த்துப் பழகின. மைக்ரோஸாப்ட் 2013 நவம்பரில்தான் இவ்விதத் தரவரிசையைக் கைவிட்டது. நம் நாட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பலவும் மணிவளைவு என்ற பெயரில் இப்படிப்பட்ட பங்கீட்டைப் பல வருஷம் நடத்தின. சில அதைப் பிறகு விட்டுவிட்டன. உமது மகனோ மகளோ அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், மதிப்பீட்டு மாதத்தில் அவர்களுக்குச் சோறு இறங்காததை நீரே கண்டிருப்பீர். "கை நிறையச் சம்பளம் வாங்கியும் முறுமுறுக்கிறான்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவன் முறுமுறுப்பது சம்பளத்தைப் பற்றியன்று.

வெல்ச் துரையின் நியாயத்தையும் கேட்கவேண்டும். தகுதியற்ற ஒருவனிடம் அதைச் சொல்லாமல் வருஷக்கணக்காய் வைத்திருந்து, ஐம்பது வயதில், பிள்ளைகள் படிப்பும் வீட்டுக் கடனும் தலைமேல் இருக்கையில் வெளியே தள்ளுவதுதான் கொடுமை. இளமையிலேயே சொல்லிவிட்டால் அவன் வேறு வழி தேடிக்கொள்வான் என்பது அவர் வாதம். இதில் உண்மையில்லாமற் போகவில்லை. சோம்பேறியைக் கண்டிக்காத மேலதிகாரி, அவன் சுமையைச் சேர்த்துச் சுமக்கிற மற்றவர்களுக்கும் அநியாயம் செய்கிறான்.

ஆனால் ஒருவனைப் பார்த்தபின் தீர்ப்புச் சொல்வது வேறு, பார்க்குமுன்னே இத்தனை பேர் குற்றவாளிகள் என்று எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவது வேறு. எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை கடைசியாய் வரத்தான் செய்யும். கடைசியாய் வந்ததனாலேயே அது பரீட்சையில் தவறியதாகாது. முதல் வருஷம் உண்மையாகவே சில சோம்பேறிகள் அகப்படலாம். ஐந்தாம் வருஷம் அகப்படுகிறவர் யார்?

வெல்ச் 2001-ல் வெளியிட்ட தம் சரித்திரத்தில் அவரே ஒரு காரியத்தைச் சொல்லுகிறார். கீழ்ப் பத்துக்குப் பெயர் கொடுக்க மனமில்லாத மானேஜர்கள் என்னென்னவோ தந்திரம் செய்தார்களாம். ஒரு கிளையில், மதிப்பீட்டுக்கு இரண்டு மாதம் முந்தியே இறந்துபோன ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அவர் இதை மானேஜர்களின் பலவீனத்துக்கு உதாரணமாகச் சொல்லுகிறார். எனக்கோ வேறுவிதமாய்ப் படுகிறது. உயிரோடிருப்பவன்மேல் பொய் சொல்ல அந்த மனிதருக்கு மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை; ஆகவே இறந்தவனைத் தேடிப் போனார். அதுவும் பொய்தான், மறுக்கவில்லை. அந்தப் பொய்யை அவரிடம் கேட்டு வாங்கியது யார்?

எட்டாம் கற்பனையை நாம் நீதிமன்றத்துக் கூண்டோடு நிறுத்திவிடுகிறோம். ஒரு மனிதனின் நற்பேரை அநியாயமாய்க் கெடுக்கிற எந்த எழுத்துக்கும் அது பொருந்தும், ஆபீஸ் தாளுக்கும் பொருந்தும். அதே 1981-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் உழைப்பைப்பற்றி ஒரு நிருபம் வெளியிட்டார். வேலையின் மதிப்பு செய்யப்படும் பொருளிலல்ல, செய்கிற ஆளிடத்திலிருந்தே வருகிறது என்பது அதன் சாரம். வெல்ச் துரையை நினைத்து எழுதியதன்று. என்றாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தோன்றுகிறது.

கம்பெனிக்கு நஷ்டம் வரலாம். பத்துப் பேருக்குச் சம்பளங்கொடுக்க வழியின்றி ஒன்பது பேராகக் குறைக்க நேரிடலாம். அப்போது "எங்களிடம் வேலை இல்லை" என்று சொல்லுவது வேதனை, ஆனால் உண்மை. ஆள் அதிகம் என்பதை மறைத்து "நீ மட்டம்" என்று சொல்லுவதே பாவம். முந்தியது ஒருவனுடைய வேலையை மாத்திரம் எடுக்கிறது. பிந்தியது அவன் பெயரையும் சேர்த்து எடுக்கிறது.

மீந்திருக்கும் ஒன்பது பேரையும் நினைத்துப் பாரும். பக்கத்து மேசைக்காரன் தவறு செய்தால் திருத்திக்கொடுத்தவன் இப்போது சும்மா இருக்கிறான். அவன் தவறு இவனுக்குப் பாதுகாப்பு. புதிதாய் வந்தவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கவும் தயங்குகிறான். இவனை நாம் கெட்டவனென்று சொல்ல முடியுமா? அயலான் கெடவேண்டுமென்று ஆசைப்படும்படி ஒரு குடும்பஸ்தனை வைத்துவிட்டு, சம்பளத்தோடு சமாதானத்தையும் கொடுத்ததாய் நிர்வாகம் எண்ணிக்கொள்கிறது.

முதற் கேள்விக்கு வருவோம். பெயர் எழுத மறுத்தால் உமது பெயரே அந்தத் தாளில் ஏறக்கூடும். உமக்கும் பிள்ளைகள் உண்டு. பயம் குற்றத்தைக் குறைக்கும் என்று ஞானோபதேசம் சொல்லுகிறது. பொய்யை மெய்யாக்கும் என்று சொல்லவில்லை. "பத்துப் பேரும் தகுதியுள்ளவர்கள், வரிசைப்படி இவர் பத்தாவது" என்று எழுதிப் பாரும். தாள் திரும்பி வரலாம். இரண்டாந்தரமும் அப்படியே எழுத எத்தனை பேருக்குத் தைரியம் வரும், எனக்கு வருமா என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ஆனால் நீக்கப்பட்டவர் அன்றிரவு வீட்டுக்குப் போகிறபோது, "நீங்கள் என்ன தப்புச் செய்தீர்கள்?" என்று மனைவி கேட்பாள். அதற்குமுன் அவரைத் தனியே கூப்பிட்டு, உம்மிடத்தில் தப்பொன்றும் இல்லை என்று நேரில் சொல்லலாம். அவர் அடுத்த கம்பெனியில் காட்டுவதற்கு அதையே ஒரு கடிதமாய் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கலாம்.