நடுவில் ஒரு தகரம்

ஜீயபுரத்தில், கரூர் சாலையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பழைய சக்திமான் லாரியை ஏலத்தில் எடுத்து இரண்டு வருஷமாகச் செப்பனிட்டார். மான் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் உரிமத்தில் 1959லிருந்து 1996 வரை ஜபல்பூரில் ராணுவத்துக்கென்று தயாரான வண்டி. ஒரு திருகாணிகூட அசலாக இருக்க வேண்டும் என்பது அவர் விரதம். வண்டியை லடாக்குக்கு ஓட்டிப்போவது என்று தீர்மானமானதும் பிரச்னை வந்தது. கேபினில் ஹீட்டர் கிடையாது. வைப்பதா, கூடாதா?

பங்குனி வெயிலில் பட்டறையில் உட்கார்ந்து இதைப் பேசினோம். வந்துபோனவர்கள் சிரித்தார்கள்.

நான் கூடாது என்ற கட்சி. ஒரு படைப்பில் பின்னால் வந்தவன் கைவைக்கக் கூடாது என்று பத்து வருஷமாக எழுதிவருகிறவன் நான். கவிதைக்கு உரை எழுதுவதே எனக்கு அத்துமீறல். ஒரு பொருளில் இல்லாததும் அதன் வடிவத்தைச் சேர்ந்ததுதான் என்பது என் நிலைப்பாடு. அதை லாரி வரைக்கும் நீட்டுவதில் தயக்கம் இருக்கவில்லை.

வேலை என்னவோ சிறியது. டீசல் எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடும் ரேடியேட்டர் தண்ணீரோடும் வெளியே போய்விடுகிறது. சூடேறிய என்ஜினில் அந்தத் தண்ணீர் 80 டிகிரியை ஒட்டி இருக்கும். அதை ஒரு ஹோஸ் வழியாகக் கேபினுக்குள் கொண்டுவந்து, சின்ன ரேடியேட்டர் ஒன்றில் ஓடவிட்டு, இன்னொரு ஹோஸ் வழியாகத் தண்ணீர் பம்புக்கே திருப்ப வேண்டும். பின்னால் ஒரு விசிறி. ராணுவ வண்டிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் என்பதால் காரின் 12 வோல்ட் விசிறி உதவாது. கோடையில் அடைக்க ஒரு வால்வு. புதிதாக எரிப்பது எதுவும் இல்லை. வீணாய்ப் போவதில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரத்தில் இரண்டு துளை போட்டாக வேண்டும். பிறகு அடைத்தாலும் தெரியும்.

அன்று என் பெரியப்பாவும் வந்திருந்தார். ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். எண்பதுகளின் கடைசியில் கார்துங் லாவில், 17,500 அடிக்கு மேலே, சக்திமான் ஓட்டியவர். கேபினில் ஏறி உட்கார்ந்து அந்தத் தகரத்தைச் செருப்புக் காலால் தட்டினார்.

"இதுக்கு அந்தப் பக்கம் தண்ணி கொதிக்கும். இந்தப் பக்கம் என் காலு மரத்துக் கெடக்கும். கிளட்ச்ச மிதிச்சிருக்கேனான்னு குனிஞ்சு பாத்துதான் தெரிஞ்சுக்கணும்டா."

அவர் குறை சொல்லவில்லை. தகவல் சொன்னார். என் வாதம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஹீட்டர் இல்லாதது யாரும் தேர்ந்துகொண்ட வடிவம் அல்ல. அது ஒரு விடுபடல். அதற்கு அசல் என்று பெயர்வைத்துக் காப்பாற்றுவது, குனிந்து தன் காலைத் தேட வேண்டியிராதவனின் ரசனை.

ஜீயபுரத்துக்காரனுக்கு இது புதுக் கேள்வியும் இல்லை. பங்குனித் திருநாளில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து இங்கே எழுந்தருளுவதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஆற்றோடு போன பேரன் ரங்கனை நினைத்து அழுத பாட்டியின் முன் பெருமாளே ரங்கனாக வந்து நின்றார். அவள் பழையது போட்டாள். அப்புறம் நிஜப் பேரனும் வந்து சேர்ந்தான். எது அசல் என்ற கேள்வி கதையில் சோற்றுக்குப் பிறகுதான் வருகிறது. சிறுவயதிலிருந்து கேட்டும் இந்த வரிசையை நான் கவனித்ததில்லை.

என் ஆட்சேபம் முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஹீட்டரோடு இந்த வண்டியைப் பார்க்கிறவன், இதை ஓட்டியவர்கள் கதகதப்பாக உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வான். வசதி சாட்சியத்தை அழித்துவிடும். ஆனால் சாட்சியத்துக்காக இன்னொருவன் மறுபடி விறைக்க வேண்டும் என்று கேட்பது நாடகம். செய்யக்கூடியது ஒன்றுதான்: சேர்த்ததைச் சேர்த்தது என்று சொல்லிவிடுவது. உரையைப் பற்றியும் இப்போது இப்படித்தான் தோன்றுகிறது. மூலத்தோடு கலக்காமல் பக்கத்தின் அடியில் நிற்கும் உரையால் கவிதைக்கு என்ன கேடு? நான் கவிதையைப் பார்த்தேன். அதற்குள் உட்கார்ந்து விறைத்துக்கொண்டிருந்த வாசகனைப் பார்க்கவில்லை.

துளை போட்டாயிற்று. வெட்டி விழுந்த இரண்டு தகர வில்லைகளையும், ஹீட்டர் பிற்பாடு வைத்தது என்று எழுதிய அட்டை ஒன்றையும் டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவைக்கச் சொன்னேன்.

"யாருடா படிக்கப்போறா?" என்றார் பெரியப்பா.

"அடுத்து வாங்குறவன் படிப்பான்."

என்ஜினைப் போட்டுச் சூடேறியதும் நண்பர் வால்வைத் திறந்தார். வெளியே கரூர் சாலையில் தார் இளகிக்கொண்டிருந்தது. பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் ஹீட்டரின் முன்னால் வைத்தார். போதும் என்று நாங்கள் சொல்கிறவரை எடுக்கவில்லை.