பிரேதத்தில் யாருக்குப் பாத்தியதை?

மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகளின் ஓரமாகக் குவித்து வைக்கப்படும் உப்பு, அடுக்களைக்கும் கருவாட்டுக் களத்துக்கும் போவதைப் போலவே இடுகாட்டுக்கும் போகிறது. குழியில் இறக்கிய உடலின் மேல் மண் தள்ளுவதற்கு முன் உப்பைக் கொட்டுவது தமிழ்நாட்டில் பல சமூகத்தாரிடமும் உள்ள வழக்கம். கடலோர வெயிலில் சடலம் நெடுநேரம் தாங்காது என்று அறிந்தவர்கள், இன்று இறந்தவரை நாளைப் பொழுது சாய்வதற்குள் மண்ணிடம் ஒப்படைத்துவிடவே விரும்புவார்கள். வீட்டிலிருந்து இடுகாடு வரையிலான அந்தச் சிறு தூரத்தின் நடுவே அரசாங்கம் வந்து நின்று, ‘இவர் எதனால் இறந்தார் என்று பார்க்கவேண்டும், உடலைக் கொடுங்கள்’ என்று கேட்டால், கேட்பதற்கு அதற்கு என்ன அதிகாரம், மறுப்பதற்குக் குடும்பத்தாருக்கு என்ன நியாயம் என்ற வினா எழுகிறது. பழைய வினாதான், ஆனால் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அது இந்தக் கரையில் ஒரே சமயத்தில் பல வீடுகளின் வாசலில் வந்து நின்றது.

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் ஊர். அங்கே மே 13ஆம் நாள், சாராயம் என்று நம்பி மெத்தனாலைக் குடித்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் நேர்ந்து, இரு மாவட்டங்களிலுமாக இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பாதிக்கப்பட்டவர்களில் பலர் கொண்டுசெல்லப்பட்ட முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை, மரக்காணத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் இருக்கிறது.

இறந்த உடல் எவருடைய சொத்தும் அன்று என்பது சட்டத்தின் நெடுநாளைய கொள்கை. காணிக்குப் பட்டாதாரர் உண்டு, நகைக்கு உடையவர் உண்டு, பிரேதத்துக்கு இல்லை. மனைவி மக்களுக்கு அதன்மேல் இருப்பது அடக்கம் செய்யும் கடமையும், அதைத் தடையின்றிச் செய்யும் உரிமையுமே. சந்தேக மரணத்தில் அந்த உரிமை சற்றுப் பொறுத்திருக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு கூறிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. சாவின் காரணம் ஐயத்துக்கு இடமானால், வழியில் அழுகிப்போகாதபடி வானிலையும் தூரமும் இடங்கொடுக்குமாயின், உடலை மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பது அதன் விதி. உணர்ச்சிக்கு இடமில்லாத சட்ட வாசகத்தின் நடுவே, உடல் கெட்டுப்போகுமே என்ற இந்தக் கவலை ஒன்று தங்கியிருப்பது நினைக்கத்தக்கது.

குடும்பத்தாரின் மறுப்பை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயமும் அன்று, உண்மையும் அன்று. பிணவறை வாசலில் வேப்பமரத்து நிழலில் காலை முதல் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம், மாலையில் முகம் மட்டும் தெரியும்படி வெள்ளைத் துணியால் சுற்றி, கழுத்திலும் இடுப்பிலும் காலிலும் நாடாவால் கட்டிய ஒரு பொட்டலம் ஒப்படைக்கப்படுகிறது. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசிக் கோடி போர்த்தவேண்டும் என்று வந்தவள் அந்தக் கட்டை அவிழ்க்கக் கூடாது; அவிழ்த்தாலும் அவளால் பார்க்க முடியாது. ‘அறுத்துப்போட்ட உடம்பு’ என்று அவள் சொல்லும்போது, அவள் அறிவியலை எதிர்க்கவில்லை. தான் கடைசியாகச் செய்யவிருந்த ஒரு பணிவிடை தன் கையிலிருந்து பிடுங்கப்பட்டதைச் சொல்கிறாள். இழப்பின் மேல் வந்த இந்த இழப்புக்கு எந்த நிவாரணத் தொகையும் ஈடாகாது.

இருந்தும், நஞ்சினால் நேர்ந்த சாவில் அந்தத் தாயின் விருப்பம் பின்னே நிற்கவேண்டும் என்றே சொல்லவேண்டியிருக்கிறது. மெத்தனால் குடித்த கணத்தில் கொல்வதில்லை. உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, பல மணி நேரம் கழித்தே பார்வையை மங்கச் செய்து உயிரைப் பறிக்கிறது. முதலில் மாண்டவனோடு உட்கார்ந்து குடித்தவர்கள் இன்னும் தெருவில் நடமாடிக்கொண்டிருப்பார்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் உரிய நேரத்தில் கிடைத்தால் அவர்களில் பலரைக் காப்பாற்றலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் முதற்சாவுகள் நேர்ந்தபோது, அவை சாராயத்தினால் நேர்ந்தவை அல்ல என்று மாவட்ட நிர்வாகம் முதலில் கூறியது. இறுதியில் மாண்டவர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர். இறந்தவனின் உடல் கூறக்கூடிய சாட்சியம் அண்டை வீட்டானின் உயிருக்கு அரணாக இருக்கும்போது, அதைக் கேளாமல் புதைப்பதற்குப் பெற்றவளுக்கும் உரிமை இல்லை.

ஆனால் இரவல் வாங்கியவனுக்குரிய அடக்கம் அரசாங்கத்துக்கு வேண்டும். எதற்காக எடுத்துச்செல்கிறோம், எப்போது திருப்பித் தருவோம் என்று வாய்திறந்து சொல்லவேண்டும். உள்ளுறுப்புகளைத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பினால் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். துணிக்கும் வண்டிக்கும் கூலிக்கும் என்று அழுகிறவனிடம் ஒருவரும் கைநீட்டலாகாது. கொலை, தற்கொலை போன்ற சில வகைகள் நீங்கலாக, போதிய வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பின்னும் பிரேத பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. தில்லி எய்ம்ஸில் ஸ்கேன் கருவியின் துணையால், கத்தி வைக்காமலே உடலை ஆராயும் முறையும் வந்திருக்கிறது. ஓர் இரவின் காத்திருப்பைக் குறைக்க வழியிருந்தும் குறைக்காமல் விடுவது, சட்டத்தின் பெயரால் செய்யப்படும் கொடுமையே ஆகும்.

இதே கடற்கரை, இதற்கு நேர்மாறான தவறையும் கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் சுமார் எண்ணாயிரம் பேர் மாண்டார்கள்; மிகப் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தில். தொற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சத்தால், பெயர் தெரியாத உடல்கள் பொதுக் குழிகளில் அவசரமாகப் புதைக்கப்பட்டன. இயற்கைச் சீற்றத்தில் மாண்டவர்களின் உடல்களால் கொள்ளைநோய் கிளம்புவதில்லை என்பது உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தும் உண்மை. ஒரு புகைப்படம், ஓர் எண், கழுத்துத் தாலியின் குறிப்பு — இவ்வளவு இருந்தாலே பின்னால் தேடிவருபவருக்குப் போதும். உடல் கிடைக்காதவனை இறந்தவனாகக் கருதச் சட்டம் ஏழாண்டு கேட்கிறது. அடையாளம் குறிக்காமல் புதைக்கப்பட்ட ஒவ்வொரு உடலும் எங்கோ ஒரு மனைவியைச் சுமங்கலியுமன்றி விதவையுமன்றி நிறுத்திவிடுகிறது. அங்கே அரசாங்கம் உடலை வைத்திருந்தது குற்றமன்று. பாராமல் விட்டதே குற்றம்.

முன்சொன்ன சட்டப்பிரிவில் மற்றொரு வாசகமும் உண்டு: பிரேத விசாரணை, அக்கம்பக்கத்தில் வசிக்கும் மரியாதைக்குரிய இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில் நடக்கவேண்டும். பஞ்சாயத்தார் என்று வழங்கப்படும் இவர்கள், பெரும்பாலும் அவசரத்தில் யாரோ நீட்டிய தாளில் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்கள் தெருவில் ஒருவர் இறந்து, உங்களை அழைத்தால் போங்கள், உடலைக் கண்ணால் பாருங்கள், எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதன்பின் கையெழுத்திடுங்கள்.